ராகி அறைச் சைக்கிள்கள்

பெங்களூரு
16-6-2024

அன்புள்ள ஆயாவுக்கு,

பிரியா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் முனிராஜ் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? காது மெஷின் இப்போதாவது ஒத்துக்கொள்கிறதா? போன வாரம் போனில் "சைக்கிள், சைக்கிள்" என்று நாலு தடவை கத்தினேன். நீங்கள் "சாப்பிட்டேன் கண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். மாமா போனுக்கு மெசேஜ் போட்டால், அவர் தனக்குப் பிடித்ததை மட்டும்தான் உங்களிடம் சொல்வார். அதனால் கடிதமே நல்லது என்று உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே வீட்டுக்காரம்மா மாடிப்படியில் சைக்கிள் நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார். என் அறை உங்கள் மாட்டுக்கொட்டகையில் பாதிகூட இருக்காது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கினால் கால் ஹெல்மெட்டுக்குள் போகிறது. கூடாரத்தின் மேல் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். எங்கள் சைக்கிள் குழுவோடு வாராவாரம் ஏதாவது ஒரு மலைக்குப் போகிறோம், போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு சாமான் சேர்ந்துவிடுகிறது.

நம் வீட்டில் ராகி மூட்டை போடுகிற அறையில் ஒரு மூலை கிடைக்குமா? இரண்டு சைக்கிளும் மூன்று பைகளும் லக்கேஜ் வண்டியில் அனுப்புகிறேன். மாமா திட்டினால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

உங்கள் பேத்தி,
ஜெயபிரியா


மேட்டுக்கொட்டாய்
5-7-2024

அன்புப் பேத்தி பிரியாவுக்கு ஆயா மாதம்மாள் எழுதுவது. இங்கே நானும் மாமனும் ஆடு மாடும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா, அதை முதலில் எழுது.

சாமான் வந்து சேர்ந்தது. மூலை எதற்கு? முழு அறையும் எடுத்துக்கொள். ராகி மூட்டையைக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன். உன் அம்மாவுக்குத் தூளி கட்டிய விட்டத்து வளையத்தில் சிகப்பு சைக்கிள் தொங்குகிறது. நீலம் பெரியது, சுவரோரம் பலகை போட்டு நிறுத்தியிருக்கிறேன். பைகளைப் பரண்மேல் வைத்து வெள்ளைத் துணி மூடினேன். கூடாரத்துக்குள் வேப்பிலை போட்டிருக்கிறேன், பூச்சி அண்டாது.

உன் மாமன் வாசலில் நின்றுகொண்டு, "இது வூடா சைக்கிள் கடையா ஆத்தா? தக்காளி கிரேட்ட நான் எங்க வெக்கறது, உன் தலமேலயா?" என்கிறான். "வெய்யி, என் தல தாங்கும்" என்றேன். சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன்.

நான் படித்தது அஞ்சாவதுதான். ஆனால் இந்த வீட்டில் ஒரு அரிவாள், ஒரு கடப்பாரை நான் வைத்திருந்து துருப்பிடித்தது கிடையாது. ஊரே சொல்லும். கவலைப்படாமல் அனுப்பு.

கூர்க் பந்தயத்தில் நீ மூன்றாவதாக வந்த போட்டோவைப் பார்க்க நேற்றுகூட ரெண்டு பேர் வந்தார்கள்.

இப்படிக்கு ஆயா


பெங்களூரு
20-8-2024

அன்புள்ள ஆயாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "வெய்யி, என் தல தாங்கும்" இப்போது எங்கள் குழுவின் கோஷம். மேடு ஏறும்போதெல்லாம் அதைத்தான் கத்துகிறோம். தலைக்கு எண்ணெய் வைக்கிறேன். பொய் இல்லை, வாரம் ஒரு தடவை.

திட்டாதீர்கள், இன்னொரு சைக்கிள் வாங்கிவிட்டேன். இது கல்லு ரோட்டுக்கு. நீலம் மலைக்கு, சிகப்பு தார் ரோட்டுக்கு. கூடவே ஒரு பெரிய கூடாரம், மழைச் சட்டை நாலு, கயிறு, முதுகுப் பை இரண்டு, காற்றடிக்கிற பம்பு. எல்லாம் இந்த வாரம் வரும்.

மழைக்காலம் வருகிறது. துரு மட்டும் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும். உங்களுக்குத் தெரியாததா?

முத்தங்களுடன்,
பிரியா


மேட்டுக்கொட்டாய்
18-10-2024

அன்புப் பேத்திக்கு ஆயா எழுதுவது. எல்லாரும் சுகம். எனக்கு லேசாகச் சளி, வேறு ஒன்றுமில்லை.

மூன்றாவது சைக்கிள் வந்தது. அதற்குப் பின்னால் நீ எழுதாமலே இன்னும் ரெண்டு பெட்டி வந்தது. அதில் பூட்ஸ் மட்டும் ஐந்து ஜோடி. உனக்குக் கால் ரெண்டுதானே கண்ணு?

இடம் இருக்கிறது. என் கட்டிலைக் கூடத்துக்கு நகர்த்தி, அந்த இடத்தில் பெரிய கூடாரத்தை விரித்துப் போட்டு உலர்த்தினேன், மடிக்கத் தெரியவில்லை, அப்படியே இருக்கட்டும். கூடத்தில் ராகி மூட்டைக்குப் பக்கத்தில் படுத்தால் எனக்கு நல்ல தூக்கம் வருகிறது. உன் மாமனுக்கு இதில் வருத்தம். அவன் பேச்சை விடு.

ஐப்பசி மழை விடாமல் பெய்கிறது. சுவர் ஓதம் காக்கிறது. தினமும் கதவைத் திறந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறேன். யாரையும் உள்ளே விடுவதில்லை.

நீ தீபாவளிக்கு வரமாட்டாய் என்று உன் அம்மா கடத்தூரிலிருந்து சொல்லி அனுப்பினாள். பொங்கலுக்காவது வா.

ஆயா


பெங்களூரு
24-12-2024

அன்புள்ள ஆயாவுக்கு,

சளி விட்டதா? பதில் எழுத இரண்டு மாதம் ஆக்கிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். கட்டில் விஷயம் படித்ததும் சங்கடமாகிவிட்டது. வந்ததும் நானே எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணித் தருகிறேன்.

பொங்கலுக்கு வருகிறேன்! பிப்ரவரி கடைசியில் மூணாறில் பெரிய மலைப்பந்தயம். முதல் ஐந்து பேரில் வந்தால் மாநிலக் குழுவில் இடம். இத்தனை வருடம் உழைத்தது இதற்குத்தான். பயிற்சிக்கு நம் வத்தல்மலையைவிட நல்ல இடம் கிடையாது. அத்தனை வளைவு, அத்தனை இறக்கம். மாட்டுப்பொங்கல் காலையில் நானும் இரண்டு தோழிகளும் ஏறி இறங்கலாம் என்று இருக்கிறோம்.

நீலச் சைக்கிளைத் தயாராக வைத்திருங்கள். பதினோராம் தேதி கிளம்பி, ஒகேனக்கல்லில் இரண்டு நாள் கூடாரம் போட்டுவிட்டு, பொங்கல் அன்று வீட்டுக்கு வருகிறோம்.

பிரியா


மேட்டுக்கொட்டாய்
9-1-2025

அன்புப் பேத்திக்கு ஆயா எழுதுவது. நீ வரும் சேதி கேட்டு எல்லாருக்கும் சந்தோஷம். உன் மாமன்கூட வாசலில் கிடந்த கிரேட்டை எல்லாம் தூக்கி அடுக்கினான். இது நீ கிளம்புவதற்குள் கிடைக்குமோ என்னமோ, போஸ்ட்மேன் நாளைக்குத்தான் வருவார்.

நீலச் சைக்கிளுக்கு நேற்று முழுக்க வேலை செய்தேன். மழையில் அங்கங்கே செம்புள்ளி கண்டிருந்தது. எங்கள் மாமனார் காலத்திலிருந்து உழவு முடிந்ததும் கொழு, கொத்து, அரிவாள் எல்லாவற்றுக்கும் விளக்கெண்ணெய் தடவித்தான் வைப்போம். நம் வரப்பு ஆமணக்கில் நானே காய்ச்சிய எண்ணெய், கடை எண்ணெய் இல்லை. சங்கிலி, கம்பி, ஆணி எல்லாம் தடவினேன். சக்கரத்துக்கு நடுவில் ஓட்டை ஓட்டையாக ஒரு வட்டத் தட்டு இருக்கிறதே, அதில்தான் துரு அதிகம். ரெண்டு தட்டையும் எண்ணெய் போட்டுத் தேய்த்து, விரலில் ஒட்டாத அளவுக்குத் துடைத்தேன். இப்போது அதில் முகம் பார்க்கலாம்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. கண் முகாமில் ஆபரேஷன் என்றார்கள், நாள் பிறகு சொல்வார்களாம். மாமனிடமும் உன் அம்மாவிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். சொன்னால் சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள். நீயும் வந்த இடத்தில் இதைப் பேசாதே.

பத்திரமாக வந்து சேர்.

ஆயா


பெங்களூரு
12-2-2025

அன்புள்ள ஆயாவுக்கு,

நான் பரவாயில்லை. அம்மா கூடவே இருக்கிறார், வேளைக்குச் சோறு, வேளைக்குத் திட்டு. முழங்காலில் வைத்த தகடு ஒத்துக்கொண்டது என்று டாக்டர் சொன்னார். இன்னும் இரண்டு மாதம் ஊன்றுகோல். மூணாறு இந்த வருடம் இல்லை.

ஆஸ்பத்திரியில் நீங்கள் அழுதது கண்ணிலேயே நிற்கிறது. அழாதீர்கள். யார்மேலும் தப்பில்லை. வத்தல்மலை இறக்கத்து வளைவில் ஆடு குறுக்கே வந்தது, ஒதுக்கினேன், விழுந்தேன். அவ்வளவுதான்.

பொங்கலுக்கு முன்னால் போட்டதாகச் சொன்னீர்களே, அந்தக் கடிதம் வரவே இல்லை. தபாலில் தொலைந்திருக்கும், விடுங்கள்.

இடது கண் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்களா? தள்ளிப்போடாதீர்கள் ஆயா. ராகி அறையை இப்போதைக்குப் பூட்டியே வைத்திருங்கள். எதையும் துடைக்க வேண்டாம். நீங்கள் ஓய்வெடுத்தால் போதும்.

பிரியா


மேட்டுக்கொட்டாய்
4-3-2025

பேத்தி பிரியாவுக்கு ஆயா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் காலை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அந்த ஆட்டுக்காரனை நாலு வார்த்தை கேட்காமல் எனக்கு மனசு ஆறவில்லை. போன திங்கள் தர்மபுரி போய் மலை பஸ் ஏறினேன். நீ விழுந்த வளைவுக்கு மேலே ஒரு வீடு. செல்லி என்று ஒரு பெண்பிள்ளை, சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். "உங்க ஆட்டால என் பேத்தி கால் போச்சு. யாரு ஆடு அது?" என்று நின்றேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "ஆடா? அன்னைக்கு மாட்டுப்பொங்கல் ஆத்தா. எல்லாத்தையும் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, பட்டியில நிறுத்தியிருந்தோம். படையல் போடாம ஒரு குட்டி வெளிய வருமா? உங்க ஊர்ல வருங்களா?"

அன்றைக்கு நம் ஆடும் பட்டியில்தானே நின்றது. நானே மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். இது ஏன் எனக்கு உறைக்கவில்லை?

"அந்தப் பாப்பா 'புடிக்கல, புடிக்கல'ன்னு கத்திக்கிட்டே வந்துச்சு. நாந்தான் ஓடிப் போயி மடியில போட்டுத் தண்ணி குடுத்தேன்" என்றாள். சண்டைக்குப் போன வீட்டில் களி தின்றுவிட்டு வந்தேன். உனக்கு ரெண்டு படி சாமை கொடுத்திருக்கிறாள்.

என்ன பிடிக்கவில்லை? மறைக்காமல் எழுது.

ஆயா


பெங்களூரு
30-3-2025

அன்புள்ள ஆயாவுக்கு,

நலமாக இருக்கிறேன். உங்களை யார் மலைக்குப் போகச் சொன்னது? மாமா போனில் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார்.

ஆடோ நாயோ, சரியாக நினைவில்லை. பயத்தில் என்ன கத்தினேனோ. நடந்தது நடந்துவிட்டது.

வேறு ஒரு விஷயம். முழங்கால் முழுசாக மடங்காது என்கிறார்கள். பழையபடி ஏற முடியுமா தெரியவில்லை. அந்தச் சாமான்கள் எதற்கு உங்கள் இடத்தை அடைத்துக்கொண்டு? தெரிந்த ஒருவர் வண்டியோடு வந்து மொத்தமாக எடுத்துக்கொள்வார். சாவியை மாமாவிடம் கொடுத்துவிடுங்கள். கட்டிலைப் பழைய இடத்தில் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

பிரியா


மேட்டுக்கொட்டாய்
21-4-2025

பிரியாவுக்கு ஆயா எழுதுவது.

உன் கடிதம் வந்து ரெண்டு வாரத்துக்கு மேலாகிறது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

'புடிக்கல' என்று நீ கத்தியதும், எதையும் துடைக்க வேண்டாம் என்று எழுதியதும் மனசை அரித்தது. மலையிலிருந்து எடுத்துவந்து போட்டிருந்த நீலச் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி, மாமன் வண்டியில் நல்லம்பள்ளிக்கு எடுத்துப் போனேன். சைக்கிள் கடைப் பச்சியப்பனிடம் அந்த ஓட்டைத் தட்டைக் காட்டி, "இதுக்கு எண்ணெ போடலாமாப்பா?" என்று கேட்டேன்.

"ஐயோ ஆத்தா! சங்கிலிக்குத்தான் எண்ணெ. இதத்தான் பிரேக்குக் கட்டை வந்து கவ்வும். ஒரு சொட்டுப் பட்டாலும் கவ்வாது, வழுக்கிக்கிட்டே போவும். மேட்டுல தெரியாது, எறக்கத்துலதான் தெரியும்" என்று மோந்து பார்த்தான். "வெளக்கெண்ணெ! எவன் போட்டான் இத? அவன் கைய ஒடிக்கணும்."

"நாந்தான்" என்றேன்.

அவன் உள்ளே பஞ்சர் ஒட்டப் போய்விட்டான். மாமன் வண்டியை எடுத்தான். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். என் கடிதம் வரவே இல்லை என்று எழுதினாய். அதே கடிதத்தில் இடது கண்ணுக்கு நாள் கொடுத்தார்களா என்று கேட்டாய். கண் விஷயத்தை நான் எங்கும் சொல்லவில்லை. பொங்கலுக்கு வீடு நிறைய ஆள், உன்னிடமும் வாய் திறக்கவில்லை. சைக்கிளைத் துடைத்து வைத்திருக்கிறேன் என்று மட்டும்தான் சொன்னேன். எண்ணெயும் கண்ணும் இருந்தது அந்த ஒரு கடிதத்தில்தான். அது உனக்குக் கிடைத்திருக்கிறது. படித்துவிட்டு ஆட்டின்மேல் பழி போட்டாய்.

துரு பிடிக்கவிட மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் காலை நானே ஒடித்துவிட்டேன். நீ இனி சைக்கிள் ஏற முடியாது என்றால் அதுவும் என் கையால்தான். அதை என்னிடம் மறைத்தாயே, நான் அறியாத பிள்ளையா?

சாவியை மாமனிடம் கொடுத்துவிட்டேன். ஆனால் சாமானைக் கொடுக்கச் சம்மதிக்கமாட்டேன். நீ வந்து, என் முகத்துக்கு நேராக நின்று, வேண்டாம் என்று சொன்னால் எடுத்துப் போகட்டும்.

மாதம்மாள்


பெங்களூரு
9-5-2025

அன்புள்ள ஆயாவுக்கு,

ஆமாம். ஜனவரி கடைசியில் இங்கே வந்தபோது உங்கள் கடிதம் கதவுக்கடியில் கிடந்தது. மூன்று தடவை படித்தேன். பொய் சொல்லமாட்டேன், முதல் தடவை கோபம்தான் வந்தது. கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். அம்மா பார்ப்பதற்குள் ஊன்றுகோலால் இழுத்து எடுத்தேன்.

அப்புறம் யோசித்தேன். "துரு மட்டும் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியவள் நான். எப்படி என்று எழுதவில்லை. ஐந்து ஜோடி பூட்ஸ் அனுப்பத் தெரிந்தது, ஐந்து வரி எழுதத் தோன்றவில்லை. பொங்கல் அன்று சைக்கிள் பளபளவென்று இருந்ததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஏறினேன். கிளம்பும் முன் பிரேக்கைச் சோதிக்க வேண்டும் என்பது எங்கள் குழுவின் முதல் விதி. நம் ஆயா வைத்திருந்த வண்டிதானே என்று சோதிக்கவில்லை.

மறைத்தது தப்பு. உங்களுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டீர்கள் என்று நினைத்தேன்.

இத்துடன் ஒரு பெட்டி வருகிறது. நாலு புதுப் பிரேக்குக் கட்டை, ஒரு பாட்டில் ஸ்பிரிட், வெள்ளைத் துணி. தட்டை ஸ்பிரிட்டால் துடையுங்கள், துணியில் கறை வராதவரை. கட்டையைக் கையால் தொடாதீர்கள், விரல் எண்ணெய்கூட ஆகாது. எப்படி மாட்டுவது என்று படம் வரைந்திருக்கிறேன். மாமா வேண்டாம், பச்சியப்பன் வேண்டாம். நீங்கள் செய்யுங்கள்.

கால் எவ்வளவு மடங்கும் என்று இன்னும் தெரியவில்லை. ஏறுவேனா என்றும் தெரியவில்லை. கண்ணை முதலில் பாருங்கள்.

பிரியா


மேட்டுக்கொட்டாய்
15-6-2025

அன்புப் பேத்தி பிரியாவுக்கு ஆயா எழுதுவது. இங்கே மாமன் சுகம், ஆடு மாடு சுகம். வைகாசியில் கண் ஆபரேஷன் முடிந்தது. உன் அம்மா வந்திருந்து பார்த்துக்கொண்டாள். நீ இப்போது ஊன்றுகோல் இல்லாமல் பத்து அடி நடக்கிறாய் என்று அவள்தான் சொன்னாள்.

மாமன் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். "புடி ஆத்தா. அந்த ரூம்பு நாத்தத்த என்னால தாங்க முடியாது" என்றான். அங்கே ஒரு நாற்றமும் இல்லை, வேப்பிலை வாசம்தான்.

நீ எழுதியபடி செய்தேன். இப்போது ரெண்டு கண்ணும் தெரிகிறது. முதல் துணி பழுப்பாக வந்தது. ரெண்டாவது, மூன்றாவது, ஏழாவது துணிதான் வெள்ளையாக வந்தது. கட்டையைத் துணியால் பிடித்து மாட்டினேன். அதற்கே ரெண்டு நாள் ஆயிற்று.

அப்புறம் நம் வீட்டு மேட்டில் ஏற்றி, உன் எடைக்கு ராகி மூட்டை கட்டி, பக்கத்திலேயே நடந்து இறக்கத்தில் விட்டேன். தெருவில் எல்லாரும் வேடிக்கை. மாமன், "எழுவத்தோரு வயசுல பந்தயத்துக்குப் போறியா ஆத்தா?" என்று கேட்டான். கேட்டுவிட்டுக் கீழே போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றான், நான் விழுந்தால் பிடிக்க. பிரேக்கை அழுத்தினேன். நின்றது. பத்துத் தடவை விட்டேன், பத்துத் தடவையும் நின்றது. மறுநாளும் விட்டுப் பார்த்தேன். இன்றைக்கும் பார்த்தேன். பயம் மட்டும் போகவில்லை.

நீ ஏறினாலும் சரி, ஏறாவிட்டாலும் சரி, அது இங்கே இருக்கும். என் கட்டில் கூடத்திலேயே இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று. நீ வரும்போது நான் வாசலில் நின்றுகொண்டு, எல்லாம் சரியாக இருக்கிறது கண்ணு, ஏறு என்று சொல்வேன். எனக்கு அப்படித்தான் வாயில் வரும். அதை நம்பாதே. உன் கையால் அழுத்திப் பார். அப்புறம் ஏறு.

ஆயா